இடித்த கிட்டங்கியை எப்படி வரைவது?

அன்புள்ள ஐயா,

நிலமும் வரலாறும் உறவுகளும்தான் ஓவியருக்கு ஊற்று என்று எழுதியிருந்தீர்கள். நான் வார இறுதிகளில் நீர்வண்ணம் தீட்டுகிறவள். இங்கே சிங்கப்பூரில் மலையும் இல்லை, வயலும் இல்லை. என் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் செய்த கிட்டங்கி ஒன்றில் கணக்குப்பிள்ளை. அந்தக் கட்டடமும் இன்று இல்லை. பேசாமல் விடுப்பு எடுத்துத் தஞ்சாவூர் போய் வரைந்தால் என்ன?

வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். 1952இல் லியூ காங், சென் சோங் ஸ்வீ, சியோங் சூ பியெங், சென் வென் சி என்ற சிங்கப்பூர் ஓவியர்கள் நால்வரும் பாலித் தீவுக்குப் போய் வரைந்தார்கள். மறு ஆண்டு இங்கே கண்காட்சியும் வைத்தார்கள். அந்தப் படங்களின் நிறம் எனக்குப் பிடிக்கும். ஆனால் விருந்துக்குப் போனவரின் கண் அவற்றில் தெரிகிறது. வீட்டுக்காரர் அலுத்துச் சலித்த மூலைகள் எதுவும் அங்கே இல்லை.

ஓவியர் லிம் ஸீ பெங்குக்கு அப்படி எங்கும் போகத் தேவைப்படவில்லை. பள்ளித் தலைமையாசிரியர், ஓவியம் தானாகக் கற்றது. சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கும் வேலை 1977இல் தொடங்கியது. 1983இல் தொங்கான்களை, அதாவது ஆற்றில் சரக்கு ஏற்றிப்போன படகுகளை, பாசிர் பாஞ்சாங் கடலோரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் கரையிலேயே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார். அன்றைய ஆறு ரசித்து நிற்கிற இடமா என்ன? மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம். அந்த நெரிசலைத்தான் சீன மையில் பிடித்தார். இது போய்விடும் என்ற பதற்றம் அவர் கோடுகளில் ஓடுவதாகவே எனக்குத் தோன்றும்.

இன்னொரு ஓவியர் ஜார்ஜெட் சென், பாரிஸில் வளர்ந்தவர். 1954 முதல் இங்கே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார். மலாய் கற்று, செண்டானா என்று பெயரும் வைத்துக்கொண்டார். நம் சந்தனம்தான்! அவர் வரைந்தவை ரம்புத்தான் பழம், சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) விற்கும் பையன். பக்கத்து வீட்டாரிடம் அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தவருக்கு மலை எதற்கு?

உங்கள் தாத்தாவுக்கு வருவோம். கட்டடம் போனது போகட்டும். தரையில் சம்மணமிட்டு, பெட்டியடியில் பேரேட்டை விரித்து அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா? இருந்தால் ஒரு மாலை எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள். தாத்தாவை வரையாதீர்கள், நீங்கள் அவரை அங்கே பார்த்ததில்லை. சொல்கிறவரின் முகத்தை வரையுங்கள், அது உங்கள் எதிரிலேயே இருக்கும்.

தஞ்சாவூர்ப் படங்களையும் அனுப்புங்கள். குறை சொல்ல எனக்கும் ஏதாவது வேண்டுமே.