டயாலிசிஸ்ல பிரஷர் இறங்குதா? முதல்ல உப்பைப் பாருங்க

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு 56 வயசு, சுகர்னால கிட்னி போயிடுச்சு, வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். டிரை வெயிட், அதாவது தேங்கின தண்ணி எல்லாம் எடுத்தப்புறம் இருக்க வேண்டிய எடை, 58 கிலோன்னு போட்டிருக்காங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் 62ல போய் நிக்கிறார். மூணாவது மணி நேரம் வந்தா கொட்டாவி விடுறார், வேர்க்குது, பிரஷர் 90க்குக் கீழ போயிடுது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சு கத்துறார். வீட்டுக்கு வந்தா அன்னைக்குப் பூரா படுக்கைதான். தண்ணி குடிக்காதேன்னு எல்லாரும் அவரைத் திட்டுறாங்க, நானும் சொம்பை ஒளிச்சு வெச்சுப் பார்த்துட்டேன். என்ன பண்றது?
- கும்பகோணம் வாசகி

பதில்: அம்மா, முதல்ல அவரைத் திட்டுறதை நிறுத்துங்க, தாகத்தைத் திட்டி அடக்க முடியாது. 62ல வந்து 58ல எறங்கணும்னா 4 லிட்டர், 4 மணி நேரத்துல எடுத்தா மணிக்கு 1 லிட்டர். மெஷின் தண்ணிய ரத்தத்துல இருந்து மட்டும்தான் இழுக்கும், மொத்த ரத்தமே 5 லிட்டர் கிட்டதான் இருக்கும், மீதித் தண்ணி எல்லாம் கால்லயும் சதையிலயும் தேங்கி நிக்குது, அது மெதுவாத்தான் ரத்தத்துக்குள்ள திரும்பி வரும். ஊத்துக் கிணத்துல ஊறுற வேகத்தை விட மோட்டார் வேகமா இறைச்சா என்ன ஆகும், அதேதான் இங்கயும். அந்தக் கொட்டாவியும் வேர்வையும் பிரஷர் இறங்கப் போகுதுங்கறதுக்கு அறிகுறி, பார்த்த உடனே டெக்னீஷியனைக் கூப்பிடுங்க, கால் பிடிக்கற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

பொதுவா நாங்க பார்க்குற கணக்கு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல போகக்கூடாது, 10க்குள்ள இருந்தா இன்னும் நல்லது. 58 கிலோ ஆளுக்கு 13ன்னே வெச்சாலும் மணிக்கு 750 மில்லி, 4 மணி நேரத்துல 3 லிட்டர்தான். கடைசியில ரத்தத்தைத் திருப்பி விடும்போது போற சலைனும் 200, 300 மில்லி இருக்கு, அதையும் சேர்த்துதான் எடுக்கணும். அதனால வெயிட் ஏறி வர்ற நாள்ல வேகத்தைக் கூட்டாம நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்க, இல்லன்னா அந்த வாரம் மூணாவதா ஒரு டயாலிசிஸ். அடுத்த ஷிப்ட் ஆளுங்க வெளிய காத்துட்டு இருப்பாங்க, சென்டர்ல சுலபமா ஒத்துக்க மாட்டாங்க, எனக்கும் தெரியும், ஆனாலும் டாக்டர் கிட்ட சொல்லிக் கேளுங்க. இப்படி ஒவ்வொரு தடவையும் பிரஷர் விழுந்தா இதயத்துக்கு ரத்தம் பத்தாம அது கொஞ்சம் கொஞ்சமா பலவீனமாகுது, ஃபிஸ்டுலாவும் (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக கையில ஆபரேஷன் பண்ணி இணைச்ச ரத்தக்குழாய்) அடைச்சுக்கலாம், சும்மா விடுற விஷயம் இல்ல.

இப்ப உப்பு. உடம்புல 1 லிட்டர் தண்ணி தங்கணும்னா 8, 9 கிராம் உப்பு கூட இருக்கணும். ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல மூணு, நாலு நாள்ல 4 லிட்டர் ஏறுதுன்னா அவர் தினமும் 10 கிராம் கிட்ட உப்பு சாப்பிடுறார்னு அர்த்தம், இருக்க வேண்டியது 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதுவும் நாள் பூரா எல்லாத்துக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் இதெல்லாம் வீட்டுல கண்ணுல படவே கூடாது, சோறு வடிக்கும்போது உப்பு போடாதீங்க. இந்துப்பு நல்லதுன்னு யாராவது சொல்வாங்க, அதுவும் உப்புதான். சோடியம் கம்மின்னு விக்கிற உப்பு அதை விட ஆபத்து, அதுல பொட்டாசியம் இருக்கு, இவருக்கு இதயமே நின்னு போகலாம். உப்பு குறைஞ்சா தாகமும் தானா குறையும். சுகர் ஏறிக் கிடந்தாலும் தாகம் எடுக்கும், அதையும் பாருங்க. ஒரு நாளைக்குத் தண்ணி அளவு, முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போச்சோ அதுக்கு மேல அரை லிட்டர், ரசம், மோர், கஞ்சி, காபி எல்லாம் அதுக்குள்ளயே.

இன்னொண்ணு, 58ங்கறது கல்வெட்டு இல்ல. நல்லா சாப்பிட்டு சதை போட்டிருந்தா அவரோட சரியான எடை இப்ப 59ஆ இருக்கலாம், அப்பவும் 58க்கு இழுத்தா கால் பிடிக்கத்தான் செய்யும். காய்ச்சல்ல படுத்து இளைச்சிருந்தா நேர்மாறு, 58லயே உள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கும். மாசம் ஒரு தடவை டிரை வெயிட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க. மெஷின்ல ஓடுற திரவத்தோட சூட்டை 36க்குக் கீழ கொஞ்சம் குறைச்சாலே பலருக்கு பிரஷர் இறங்காம நிக்குது, குளிரும், போர்வை எடுத்துட்டுப் போங்க. ஊசி குத்தினப்புறம் வயிறு முட்ட இட்லி சாப்பிடற பழக்கம் இருந்தா விட்டுடணும், ரத்தம் வயித்துப் பக்கம் போயி பிரஷர் இறங்கும்.

கேள்வி: டயாலிசிஸ் அன்னைக்குக் காலையில அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை குடுக்கலாமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது தம்பி. நடுவுல பிரஷர் விழறவங்களுக்கு அந்த வேளையை ராத்திரிக்கு மாத்துவோம். அட்டினலால், மெட்டோப்ரோலால் மாதிரி சிலது டயாலிசிஸ்லயே கழுவிட்டுப் போயிடும், அம்லோடிபின் போகாது. நீங்களா நிறுத்தாதீங்க, முக்கியமா இதயத்துக்குன்னு குடுத்த மாத்திரைய. வீட்டுல காலையும் ராத்திரியும் பார்த்த பிரஷரை ஒரு நோட்டுல எழுதிக் கொண்டு போங்க, ஃபிஸ்டுலா இல்லாத கையில பாருங்க.

கேள்வி: எங்க அம்மாவுக்கு டயாலிசிஸ் முடியறப்ப பிரஷர் 190க்கு ஏறுது, மாத்திரை மேல மாத்திரை கூட்டுறாங்க.
- ஓசூர் வாசகி

பதில்: பெரும்பாலும் உள்ள இன்னும் தண்ணி இருக்குன்னுதான் அர்த்தம்மா, கால் வீங்கலன்னாலும். மாத்திரை கூட்டறதுக்கு முன்னாடி டிரை வெயிட்டை கால் கிலோ, அரை கிலோன்னு மெதுவா இறக்கிப் பார்க்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ராத்திரி படுத்தா மூச்சு வாங்கி எழுந்து உக்காந்துட்டாங்கன்னா அடுத்த டயாலிசிஸ் நாள் வரைக்கும் வெச்சுக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.