ஆறாத புண், வலிக்காத புண்

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெற்றிலை பாக்குடன் புகையிலையும் சேர்த்துப் போட்டு வருகிறார். இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வலி இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உடல் சூடுதான் என்று மணத்தக்காளிக் கீரையும் தேனும் கொடுத்துப் பார்த்தோம். பல் மருத்துவரோ சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு வாசகி, மயிலாடுதுறை)

பதில்: பல் மருத்துவர் சொன்னதே சரி. இந்த வாரத்திலேயே அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், அம்மா.

நம்மில் பலருக்கும் அவ்வப்போது வரும் சாதாரண வாய்ப்புண் உதட்டின் உட்புறத்திலோ கன்னத்திலோ நாக்கின் அடியிலோ சிறிதாக, வட்டமாக, சுற்றிலும் சிவந்து தோன்றும். காரம் பட்டால் கண்ணீர் வரும் அளவுக்கு எரியும். ஆனால் பெரும்பாலும் ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் தானே ஆறிவிடும். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் குறைவாலும், கூரிய பல் உரசுவதாலும் அது திரும்பத் திரும்ப வரலாம். நீங்கள் கீரை கொடுத்ததில் தவறில்லை. அது ஆறுகிறதா என்று பார்த்திருந்த காலம்தான் நீண்டுவிட்டது. எந்தப் புண்ணானாலும் மூன்று வாரத்தைக் கடந்தும் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

வலி இல்லை என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று. வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நோய் ஆழமாக இறங்கிய பிறகுதான் வலி தொடங்குகிறது. வலி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் தங்களை அறியாமலே நோய்க்கு அவகாசம் கொடுக்கிறார்கள். புண்ணின் ஓரம் தடித்து, விரலால் தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, புண்ணைச் சுற்றி வெண்மையாகவோ வெல்வெட் போலச் சிவப்பாகவோ படலம் தெரிகிறதா, தாடைக்குக் கீழே கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா, காரணமின்றிப் பல் ஆடுகிறதா, உதடு மரத்துப்போகிறதா என்பவற்றைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றில் எதுவும் இல்லை என்றாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வெற்றிலையையும் புகையிலையையும் எந்தக் கன்னத்தில் வழக்கமாக அடக்கி வைக்கிறார் என்றும் கேளுங்கள். நம் ஊர்களில் நோய் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தொடங்குகிறது.

உறவினர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நோய் முற்றிய பிறகே பலர் மருத்துவமனைக்கு வருவதால், சதையை எடுத்த சில மாதங்களில் அவர்கள் நலிவதை ஊரார் பார்க்கிறார்கள்; பழி கத்தியின் மேல் விழுகிறது. உண்மையில், மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து மிகச் சிறிய துண்டு ஒன்றை எடுக்கும் இந்தச் சோதனையால் நோய் பரவுவதில்லை. அது இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது. ஒருவேளை புற்றாகவே இருந்தாலும், கழுத்திலுள்ள நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவாத சிறிய கட்டி என்றால் பலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானதாகிறது. சோதனை முடிவு எதுவானாலும் புகையிலையையும் பாக்கையும் அவர் இன்றே நிறுத்த வேண்டும்.

கேள்வி: எனக்கு 27 வயது. புகையிலை தொட்டதே இல்லை. பாக்கெட்டில் வரும் வாசனைப் பாக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளாக மெல்கிறேன். சில மாதங்களாகக் காரம் சாப்பிட முடியவில்லை, வாயையும் முழுதாகத் திறக்க முடியவில்லை. இதுவும் ஆபத்தா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: ஆம். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்தசையில் நார்களைப் பெருகச் செய்து, அதை வெளுத்த தோல்போல விறைக்க வைக்கிறது. புகையிலை கலவாத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். இறுகிய தசை முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆனால் பாக்கை நிறுத்தி, மருத்துவர் சொல்லும் வாய்ப் பயிற்சியையும் மருந்தையும் மேற்கொண்டால் மேலும் இறுகாமல் தடுக்க வாய்ப்புண்டு. இந்த நிலை பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடியது என்பதால், பாக்கை விட்ட பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் பல் மருத்துவரிடமோ வாயைக் காட்டி வாருங்கள்.