கேளுங்க, சொல்றேன்: முன்பின் தெரியாத நோயாளிக்கு உதவுறது எப்படி?

டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போ மார்புப் புற்றுநோய்க்காக நானே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கத்துல இருக்கிற ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வர்றேன். ஊர் பேர் தெரியாதவங்க நோயாளிக்குச் செய்ற உதவியைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. மாத்திரை அளவு மட்டும் கேக்காதீங்க.

தக்கலை: எங்க தெருவுக்குப் புதுசா வந்தவர் டயாலிசிஸ் செய்றார். பெருசா பழக்கம் இல்ல. பார்க்கப் போகும்போது இளநீர் கொண்டு போலாமா சிஸ்டர்?

வேண்டவே வேண்டாம். நம்ம ஊர்ல அன்புன்னா இளநீர், நேந்திரம்பழம், செவ்வாழைக் குலை. மூணுலயும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிடும். கெட்டுப்போனது தள்ளாது. அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் ரத்தத்துலயே சேர்ந்து, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, முன்னறிவிப்பே இல்லாம நிறுத்தியும் விடும். நட்சத்திரப்பழம் இன்னும் மோசம், அதில் உள்ள நஞ்சு மூளையைத் தாக்கும். தண்ணிக்கும் அவருக்கு அளவு உண்டு. நீங்க வற்புறுத்திக் கொடுக்கிற டீயும் அந்தக் கணக்குலதான் வரும்.

வெறுங்கையோட போங்க. "டயாலிசிஸ் அன்னைக்கு யாரு கூட்டிட்டு வருவா?"ன்னு கேளுங்க. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து எழும்பினா பி.பி. இறங்கி, தலை சுத்தும். அந்த நிலையில நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்னு பஸ் பிடிக்கிறவங்க இருக்காங்க. பைக் வேண்டாம், ஆட்டோ பிடிச்சு கூட உக்காந்து வாங்க.

இன்னொண்ணு. பஸ்ஸில் ஏத்திவிட நல்ல மனசோட கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஒரு கையில் ரெண்டு ரத்தக்குழாயை இணைச்சு, டயாலிசிஸ் ஊசி குத்துற இடமா ஃபிஸ்டுலா வச்சிருப்பாங்க. முழங்கைக்குக் கீழேயோ மேலேயோ புடைச்சுத் தெரியும்; அது மேல விரல் வச்சா பூனை உறுமுற மாதிரி அதிரும். அந்த அதிர்வு நின்னா அடுத்த ஊசி குத்த இடமில்லை. "எந்தக் கையைப் பிடிக்கட்டும்?"னு கேட்டுப் பிடிங்க.

குழித்துறை: ரயில் சலுகை உண்டா?

உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போனா ஸ்லீப்பரிலும் மூணாம் ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறைவு. படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்து வேணும். மீதியை டிக்கெட் கவுண்டரில் கேளுங்க.

இரணியல்: காலை பாசஞ்சரில் வேலைக்குப் போறவன். நேத்து ஒரு பையன் "நான் பேஷண்ட், சீட் தாங்க"ன்னான். பார்த்தா நல்லாத்தான் இருந்தான். எப்படி நம்புறது?

நம்பிட்டு எழும்புங்க. ஏமாந்தா போறது ஒரு சீட்டு. எல்லா கீமோவுக்கும் முடி கொட்டாது. சில மருந்துக்குப் பாதம் மரத்து, தரை எங்க இருக்குன்னே தெரியாது. பிளேட்லெட் குறைஞ்சிருக்கும்போது விழுந்தா ரத்தம் லேசில் நிக்காது. மொட்டைத் தலையைப் பார்த்தாத்தான் எழும்புவேன்னா, பாதிப் பேர் நின்னேதான் போகணும்.

பாறசாலை: அவர் கேட்டதில் என்ன தப்பு? நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான் வர்றோம். ஃபைலைக் காட்டட்டுமே.

ஃபைலைக் கேக்க நீங்க டி.டி.ஆர். இல்ல. நாகர்கோவிலில் நாலு பேருக்குத் துண்டு போட்டு வைக்கிறீங்களே, அப்போ யார் ஃபைல் கேட்டா?

மார்த்தாண்டம்: எனக்குக் கேக்கவே கூச்சம். நோய் இன்னதுன்னு சொன்னா பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்குது. அதுக்கு நின்னே போயிடறேன்.

நோயைச் சொல்லாதீங்க. "நிக்க முடியல, உக்காரணும்" போதும். மேல கேட்டா பதில் சொல்ற கடமை உங்களுக்குக் கிடையாது.

குளச்சல்: கீமோ எடுக்கிறவருக்கு இளநீர்?

மறுபடியும் இளநீர்! சிறுநீரகம் நல்லா இருந்தா, அப்பவே வெட்டினது, டாக்டர் சம்மதத்தோட. சளி இருந்தா நீங்க போகாதீங்க, இளநீரை மட்டும் கொடுத்து விடுங்க.

கருங்கல்: "அவசரம், ரத்தம் வேணும்"னு வாட்ஸ்அப்பில் வருது. அனுப்பலாமா?

தேதி இல்லாததை அனுப்பாதீங்க. ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்த பிளேட்லெட்டை 5 நாளைக்கு மேல வைக்க முடியாது. ஆனா அந்த மெசேஜ் வருஷக்கணக்கா சுத்தும், அந்த வீட்டு ஃபோனும் அடிச்சுட்டே இருக்கும், ஆள் இறந்த பிறகும். உங்களுக்கு 18க்கும் 65க்கும் நடுவில் வயசு, 45 கிலோ எடை இருந்தா நேரா ரத்த வங்கிக்குப் போங்க. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி.

அருமனை: வார்டில் தெரியாதவங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?

கேட்டுட்டுப் பண்ணுங்க. மெதுவா. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் ராத்திரியெல்லாம் வலியில் முழிச்சிருந்து இப்பத்தான் கண்ணசந்திருப்பார்.

பூதப்பாண்டி: தனியா இருக்கிற தாத்தா ஒருத்தர் படுத்த படுக்கை. யாருகிட்ட சொல்ல?

ஆரம்ப சுகாதார நிலையத்தில். 2021இல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. அவங்க வர்ற வரைக்கும் அடிக்கடி புரட்டிப் படுக்க வைங்க.

சுசீந்திரம்: திருவனந்தபுரத்தில் மலையாள போர்டு படிக்கத் தெரியாம நின்னேன். இன்னொரு நோயாளிக்குத் துணைக்கு இருந்த பைஸ்டாண்டர் ஒருத்தங்க எனக்கும் டோக்கன் எடுத்து, மதியம் இலையில கட்டின பொதிச்சோறும் வாங்கித் தந்தாங்க. பேர்கூடக் கேக்கல. கடனா மனசுல கிடக்கு.

கடன் இல்லம்மா. மெடிக்கல் காலேஜ் பக்கம் கிடைக்கிற அந்தப் பொதிகள் பலதும் வீடுகள்ல கட்டித் தர்றது. தங்களுக்குச் சமைக்கும்போதே கூட ஒரு இலையில சோறும் தோரன்ங்கிற தேங்காய்ப் பொரியலும் வச்சுக் கட்டுவாங்க. யார் திங்கப் போறான்னு கட்டினவங்களுக்கே தெரியாது. நான் வாங்கின ஒரு பொதியில மோர்மிளகாய் ரெண்டு தனியா சுருட்டி வச்சிருந்தது, நமுத்துப் போகாம இருக்க. கீமோவில் நாக்கு செத்துப்போன எனக்கு அன்னைக்கு ருசின்னு தெரிஞ்சது அது மட்டும்தான்.

ராஜாக்கமங்கலம்: டயாலிசிஸ்காரருக்கு இளநீர் கொஞ்சமா...

மேலே படிங்க.

இரணியல்: திரும்ப நான்தான். கூட வர்றவங்ககிட்ட பேசினேன். வாசலை ஒட்டின சீட்டை நோயாளிகளுக்குன்னு விட்டுடறோம், சரிதானே?

சரிதான், ஆனா அந்த சீட்டு வேண்டாம் மக்கா. பக்கத்துலயே கக்கூஸ், அந்த வாடைக்கு கீமோ எடுத்தவங்களுக்குக் குடலைப் புரட்டும். பெட்டிக்கு நடுவில், ஜன்னலோரமா ஒண்ணு விடுங்க.