ஓர் அரசறிவியல் ஆய்விதழின் மேற்கோள் தாக்கத்தை அறியத் தாக்கக் காரணி மட்டும் போதுமா?

போதாது, அதிலும் அரசறிவியலுக்கு அறவே போதாது. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் பணியில் இருப்பதால், பதவி உயர்வுக் கோப்பு தயாரிப்பவர்களிடமிருந்து இக்கேள்வியை அடிக்கடி கேட்கிறேன்.

யூஜின் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் 1960களில் உருவாக்கிய தாக்கக் காரணியின் கணக்கு எளிது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவை இவ்வாண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நூல் மதிப்புரைகளும் தலையங்கங்களும் வகுக்கும் எண்ணில் சேர்வதில்லை. ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் மேற்கோள்கள் மட்டும் கணக்கில் ஏறிவிடும்.

சிக்கல் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது. தென்சீனக் கடல் பற்றிய ஒரு கட்டுரையை இன்று படிக்கும் ஆய்வாளர், களப்பணி முடித்து, எழுதி, சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கடந்து தம் கட்டுரையை அச்சில் காண்பதற்குள் அக்காலம் பெரும்பாலும் கழிந்துவிடும். அவர் அதை ஒரு நூலாகவே எழுதினால் இன்னும் தாமதமாகும். நூல்களில் வரும் மேற்கோள்களை, இந்த எண்களுக்கு அடிப்படையான மேற்கோள் தரவுத்தளங்கள் முழுமையாகப் பதிவதுமில்லை. ஆகவே ஐந்தாண்டுக் காரணியையோ, 2020 முதல் நான்காண்டுக் கணக்கில் வரும் ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளத்தின் சைட்ஸ்கோர் எனும் சராசரி எண்ணையோ பார்ப்பதே நியாயம்.

அதைவிட முக்கியமானது, சராசரிக்குள் ஒளிந்திருப்பது. சிங்கப்பூரின் ஹெங் முய் கெங் டெரசிலுள்ள, தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனமான யூசோஃப் இஷாக் கழகம் 1979 முதல் நடத்திவரும் ‘கன்டெம்பொரரி சவுத்ஈஸ்ட் ஏஷியா’ போல ஆண்டுக்கு மூன்று முறை வரும் ஓர் இதழைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளில் 36 கட்டுரைகள், அவற்றுக்கு 54 மேற்கோள்கள் என்றால் காரணி 1.5. அந்த 54-இல் 30 ஒரே கட்டுரைக்குச் சேர்ந்தவையானால், மீதி 35 கட்டுரைகளின் சராசரி 0.7-ஐக்கூடத் தொடாது. கட்டுரைகள் குறைவாக உள்ள இதழில் இப்படி ஒரு கட்டுரையே தரவரிசையை ஏற்றி இறக்கிவிடும். மறு ஆண்டு எண் சரிந்தால் ஆசிரியர் குழுவைக் குறை சொல்வோரும் உண்டு!

எனவே, இதழின் கட்டுரைப் பட்டியலை தாக்கக் காரணிக்கு அடிப்படையான வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, நடுவிலுள்ள எண்ணையும், ஒரு மேற்கோளும் பெறாத கட்டுரைகள் எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 36 வரிகள்தானே, அரை மணி நேர வேலை. அந்த மேற்கோள்களில் எத்தனை அதே இதழிலிருந்தே வந்தவை என்பதையும் கழித்துப் பாருங்கள். கூகலின் ஆய்வுத் தேடல் தளமான கூகல் ஸ்காலர், நூல்களையும் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணும் என்பதால் தென்கிழக்காசிய ஆய்வுகளுக்குப் பயனுள்ளது, ஆனால் ஒரே மேற்கோளை இருமுறை எண்ணுவதும் அதன் வழக்கம்.

கோப்பில் எழுதும்போது தரவுத்தளத்தின் பெயர், எடுத்த தேதி, எத்தனை ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ஸ்கோப்பஸ் எண்ணும் கூகல் ஸ்காலர் எண்ணும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், இதழ்களை ஒப்பிடவே முடியாது.