கேள்வி பதில்: காஸ்பாவின் சந்துகளில்

கேள்வி: ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்தில் நிஜச் செய்திப்படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஒரு அடிகூட இல்லை. அமெரிக்காவில் வெளியிட்டபோது இதைத் திரையில் எழுதிக் காட்டவே வேண்டியிருந்தது. இயக்குநர் ஜில்லோ பொன்டிகோர்வோ வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில், சொரசொரப்பாக எடுத்தார். அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸின் பழைய குடியிருப்பான காஸ்பாவின் சந்துகள் நிஜம், ஓடுகிற கூட்டம் அந்த ஊர் ஜனம். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியர்கள் அங்கே நடத்திய சண்டை 1956-57இல், படப்பிடிப்பு 1965இல். ஓடியவர்களில் பலருக்கு அது பழைய கதையே இல்லை.

ஜாஃபர் என்ற தலைவராக வருகிறவர் சாடி யாசெஃப். நிஜத்திலும் எஃப்.எல்.என். என்ற அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் அல்ஜியர்ஸ் பிரிவை நடத்தி, பிடிபட்டு, மரண தண்டனை பெற்று, உயிர் பிழைத்தவர். அவர் சிறையில் எழுதிய நினைவுகள்தான் படத்துக்கு விதை, தயாரிப்பிலும் பங்கு. தான் கைதாவதைத் தானே நடித்துக் காட்டிய ஆள்!

கேள்வி: மூன்று பெண்கள் கூடையில் குண்டு கொண்டுபோய் வைக்கிறார்கள். செத்தவர்கள் பொதுமக்கள். இப்படிப்பட்ட படத்தைக் கொண்டாடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்களை இப்படிக் கேட்க வைத்ததே அந்தப் படம்தானே அம்மா. குண்டோடு வந்தவள் கடையைச் சுற்றிப் பார்க்கிறாள். ஒரு சின்னப் பிள்ளை ஐஸ்கிரீம் நக்குகிறது. இயக்குநர் நினைத்திருந்தால் அந்த முகத்தைக் காட்டாமலே விட்டிருக்கலாம், நமக்கும் நிம்மதி. அவர் காட்டுகிறார். அதற்கு முன்பே காஸ்பாவில் நள்ளிரவில் போலீஸ்காரர்கள் வைத்த குண்டில் வீடுகள் சரிகின்றன. அந்தப் பிணங்களைத் தூக்கும்போது வரும் அதே சோக இசைதான் இங்கேயும் வருகிறது.

நடுநிலைப் படம் என்று நான் சொல்லமாட்டேன். அது அல்ஜீரியர்கள் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் எதிராளியை முட்டாளாக்கவில்லை. நம் சுதந்திரப் போராட்டப் படங்களில் வெள்ளைக்காரத் துரை கொச்சைத் தமிழில் கத்திவிட்டு ஹீரோவிடம் அறை வாங்குவார். இங்கே பிரெஞ்சு ராணுவத்தின் கர்னல் மாத்யூ படித்தவர், நிதானமானவர். பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருக்க வேண்டுமா என்று நிருபர்களையே திருப்பிக் கேட்கிறார். ஆமாம் என்றால் பின்விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். சித்திரவதைக்கு இவ்வளவு மரியாதையான வக்காலத்து! அதனால்தான் பயமாக இருக்கிறது. முக்கிய வேடங்களில் அவர் ஒருவர்தான் தொழில்முறை நடிகர்: ழான் மார்டின். அல்ஜீரியப் போரை எதிர்த்த ‘121 பேர்’ அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். நல்ல தேர்வு.

கேள்வி: பத்து வயது மகனோடு பார்க்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். நெருப்பால் சுடுவது, தண்ணீரில் முக்குவது, மின்சாரம் எல்லாம் இருக்கிறது. ஐந்தாறு வருஷம் போகட்டும்.

கேள்வி: பிரான்ஸ் இந்தப் படத்தை எப்படி எடுத்துக்கொண்டது? (வாசகர், காரைக்கால்)

பதில்: 1966இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தபோது பிரெஞ்சுக் குழு எழுந்து போய்விட்டது. பிரான்சில் பல வருஷம் திரையிட முடியவில்லை. 2003இல் அமெரிக்காவின் ராணுவத் தலைமையகமான பென்டகனிலோ ஆளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள், ஈராக்குக்காக! அவர்கள் என்ன பாடம் படித்தார்களோ.

கூடையில் குண்டு வைப்பது கோழைத்தனம் இல்லையா என்று நிருபர் கேட்க, உங்கள் விமானங்களைக் கொடுங்கள், கூடைகளைத் தருகிறோம் என்பாரே எஃப்.எல்.என். தலைவர் லார்பி பென் மிஹிதி, நினைவிருக்கிறதா? 1957இல் அவர் காவலில் இறந்தபோது தூக்குப்போட்டுக்கொண்டார் என்றது ராணுவம். அவரைக் கொன்றது பிரெஞ்சு வீரர்கள்தான் என்று ஜனாதிபதி மக்ரோன் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில்.