ரெஃபரன்ஸ் மாத்த 350 வெள்ளியா? குடுக்காதீங்க தங்கச்சி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. மாஸ்டர்ஸ் படிக்கிறாங்க, செம்பனையில வர்ற கனோடெர்மா அழுகல் நோய்தான் தலைப்பு. முதல் கட்டுரைய ஜர்னலுக்கு அனுப்பி நாலாவது நாளே "ரெஃபரன்ஸ் எங்க ஃபார்மேட்ல இல்ல, 14 நாளுக்குள்ள திருத்தி அனுப்பவும்"னு திரும்பி வந்துடுச்சாம். மொத்தம் 42 ரெஃபரன்ஸ், அதாவது மேற்கோள் காட்டுன கட்டுரைங்க. டவுன்ல தீசிஸ் பைண்டிங் பண்ற போட்டோஸ்டேட் கடையில ஒருத்தர் 350 வெள்ளி கேக்குறாராம், அப்பா வேற "படிப்புக்குத்தானே, குடுத்துடலாம்"னு சொல்லிட்டாராம். இன்னொண்ணு, பட்டியல்ல இவங்களோட பழைய மாநாட்டுக் கட்டுரை இருக்கு, அதுல இவங்க பேரு "ஏ/பி பெருமாள், கே."ன்னு வந்து நிக்குதாம் (ஏ/பின்னா மலாய்ல 'இன்னாரோட மகள்').

முதல்ல அழுகைய நிறுத்துங்க மா. திரும்பி வந்தா ரிஜெக்ட்னு அர்த்தம் இல்ல. உங்க கட்டுரைய இன்னும் எந்த ரிவியூவரும், அதாவது கட்டுரைய மதிப்பிடுற நிபுணரும், கண்ணால பாக்கல, ஜர்னல் ஆபீஸ்ல இருக்குற ஒருத்தர் செக்லிஸ்ட் வச்சு டிக் போட்டுப் பாத்து அனுப்பியிருக்காரு, அவ்வளவுதான்.

நீங்க ஏபிஏங்கிற ஸ்டைல்ல எழுதியிருக்கீங்க, அதாவது வரிக்குள்ள பேரும் வருஷமும், பின்னால பட்டியல் அகர வரிசையில. அவங்க கேக்குறது வான்கூவர் ஸ்டைல். வரிக்குள்ள நம்பர் மட்டும், கட்டுரையில எது முதல்ல வருதோ அது 1, அடுத்தது 2, அதே கட்டுரைய மறுபடி சொன்னா அதே நம்பர். வித்தியாசம் இவ்வளவுதான் லா. 1978ல மருத்துவ ஜர்னல் எடிட்டருங்க கொஞ்சப் பேரு கனடாவுல வான்கூவர்ல கூடி, எழுதுறவன் ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒரு தடவ டைப் அடிச்சு சாகக்கூடாதுன்னுதான் இதுக்கு அடிகோலுனாங்க. இப்ப என்னடான்னா ஒரு ஜர்னல் நம்பர மேல தூக்கி வைங்குது, ஒண்ணு அடைப்புக்குறிங்குது, ஒண்ணு வருஷத்துக்கு அப்புறம் கமா வேணாம்ங்குது. இதுல அறிவியல் எங்க இருக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. எல்செவியர் மாதிரி சில பெரிய பதிப்பகங்களோட நிறைய ஜர்னல்ல முதல் தடவ எந்த ஸ்டைல்ல அனுப்பினாலும் வாங்கிக்கிறாங்க, ஒரே சீரா இருந்தா போதும்ங்கிறாங்க. உங்க ஜர்னல் அப்படி இல்ல, சரி விடுங்க.

இப்ப அந்தக் கடைக்காரர் கதைக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் நம்ம பிள்ளைங்க வரிசையா மாட்டுதுங்க. அவரு பண்றது என்னன்னா, உங்க பட்டியல கையால வெட்டி ஒட்டி நம்பர் போட்டுக் குடுப்பாரு. பாக்க அழகா இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு ரிவியூவர் "இந்த ரெண்டு கட்டுரையும் சேர்த்துக்கோங்க"ம்பாரு, அது நடுவுல 9ஆவதா போய் உக்காரும், அதுக்கப்புறம் உள்ள அத்தனை நம்பரும் தப்பு. மறுபடி அவருகிட்ட ஓடணும், மறுபடி காசு. இன்னொரு பையனுக்கு இதவிட மோசம், ரப்பர் பால் பத்தி எழுதுனவனோட பட்டியல்ல சிமெண்ட் பத்தின மூணு கட்டுரை நுழைஞ்சிருந்துச்சு. யாரோ வேற கஸ்டமரோட கட்டுரைங்க, அந்தக் கட்டுரைங்களோட சைட்டேஷன (மேற்கோள் எண்ணிக்கைய) ஏத்தி விட சொருகிட்டாங்க. அவன் பாக்காம அனுப்பிட்டான், எடிட்டர்கிட்ட பேச்சு வாங்குனது இவன். வாட்ஸ்அப்ல "ஸ்கோப்பஸ் கேரண்டி, ஃபார்மேட்டிங் ஃப்ரீ"ன்னு (ஸ்கோப்பஸ்னா ஜர்னல் கட்டுரைங்கள பட்டியல் போடுற தரவுத்தளம்) வர்றவனுங்க இன்னும் ஒரு படி மேல. ரிவியூ நடக்கிறதுக்கு முன்னாலயே எவன் கேரண்டி குடுக்க முடியும்? பிளாக் பண்ணிடுங்க.

நீங்களே பண்ணுங்க, ரெண்டு ராத்திரி வேல. ஸொட்டேரோன்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம், 2006ல இருந்து இருக்கு. (பிடிஎஃப் ஆன்லைன்ல வைக்க 300 எம்பிக்கு மேல போனாதான் காசு, அது உங்களுக்குத் தேவையே இல்ல.) இறக்கினா வேர்டுக்குள்ள அதுக்குன்னு ஒரு டேப் வந்துடும். ஸொட்டேரோவுல மந்திரக்கோல் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதுல ஒவ்வொரு கட்டுரையோட டிஓஐய ஒட்டுங்க, பேரு, வருஷம், வால்யூம், பக்கம் எல்லாம் தானா வந்து விழும். டிஓஐன்னா கட்டுரையோட ஐசி (அடையாள அட்டை) நம்பர்னு வச்சுக்கோங்க, 10ன்னு ஆரம்பிக்கும், பெரும்பாலும் பிடிஎஃப் முதல் பக்கத்துலயே இருக்கும். கூகுள் ஸ்காலர்ல காப்பி அடிக்காதீங்க, அதுல பக்க நம்பர் இல்லாம, தலைப்பு முழுக்க பெரிய எழுத்துல, கண்ட குப்பையும் வரும். அப்புறம் கட்டுரையில நீங்க கையால அடிச்ச பேரு-வருஷத்த ஒவ்வொண்ணா அழிச்சிட்டு ஸொட்டேரோ வழியா சொருகுங்க. இதுக்கு மட்டும் குறுக்கு வழி இல்ல. ஆனா இத ஒரு தடவ பண்ணிட்டா நாளைக்கு வேற ஜர்னல் ஏபிஏ கேட்டாலும் ஸ்டைல மாத்துறது ஒரே கிளிக்.

சாட்ஜிபிடிகிட்ட பட்டியல குடுத்து மாத்தலாமான்னு கேப்பீங்க. அது சில நேரம் இல்லாத கட்டுரைய இருக்குற மாதிரியே எழுதித் தரும், பேரும் வருஷமும் அச்சு அசலா இருக்கும். எப்படி மாத்துனாலும் சரி, 42 டிஓஐயையும் ஒவ்வொண்ணா திறந்து பாத்துட்டுத்தான் அனுப்பணும்.

இப்ப பேரு விஷயம். இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க, ஏன்னா இத எந்த கைடுலயும் நமக்காக ஒழுங்கா எழுதி வைக்கல. இந்த சாஃப்ட்வேருங்க எல்லாம் வெள்ளைக்காரன் பேர மனசுல வச்சு செஞ்சது. கடைசி வார்த்தை குடும்பப் பேருன்னு நினைச்சுக்கும். நமக்கு ஏது குடும்பப் பேரு? ஐசியில "கவிதா ஏ/பி பெருமாள்"னு இருந்தா உழைச்சது கவிதா, பட்டியல்ல வர்றது பெருமாள். மண்டோர் (மேஸ்திரி) வேலை பாத்த அப்பாவுக்கு பேப்பர் போகுது, அவரு சந்தோஷப்படுவாரு, அது வேற. சில இடத்துல ஏ/பியே குடும்பப் பேரா மாறிடும், உங்களுக்கு ஆன மாதிரி. மலாய்க்காரங்க பேர்ல 'பின்'னுக்கும் (இன்னாரோட மகன்) இதே கதி, லிம், தான்னு குடும்பப் பேரு முன்னால வர்ற சீனப் பேருங்க தலைகீழா விழும். அதனால உள்ளூர்க்காரங்க எழுதுன கட்டுரை எல்லாத்துக்கும் பிடிஎஃப பக்கத்துல வச்சுக்கிட்டு பேர கண்ணால சரி பாருங்க. அந்தக் கட்டுரை வந்த ஜர்னல்லயே "இப்படி மேற்கோள் காட்டவும்"னு போட்டிருந்தா அதையே எடுத்துக்கோங்க. உடைக்கக்கூடாத பேருன்னா ஸொட்டேரோவுல ரெண்டு கட்டத்த ஒரே கட்டமா மாத்துற பட்டன் பேரு பக்கத்துலயே இருக்கு, அத அழுத்தி முழுப் பேரையும் போடுங்க, அப்புறம் அது வெட்டாது. உங்க சொந்தப் பேருக்கு, இனிமே எழுதுற கட்டுரையில எல்லாம் ஏ/பிய விட்டுட்டு ஒரே மாதிரி எழுதுங்க, "கவிதா பெருமாள்"னா சாகிற வரைக்கும் அதுதான். கூடவே ஓர்கிட் நம்பர் ஒண்ணு எடுத்துடுங்க, 16 இலக்கம், இலவசம். பேரு எப்படி சிதைஞ்சாலும் ஆளு நீங்கதான்னு அது காட்டும்.

எழுதுனவங்க எத்தனை பேருக்கு அப்புறம் 'எட் ஆல்' (மத்தவங்களும்) போடணும்னா, வான்கூவர்ல வழக்கமா ஆறு. உங்க ஜர்னல் என்ன கேக்குதுன்னு அவங்க போன மாசம் போட்ட ஒரு கட்டுரைய திறந்து பாருங்க, கைட விட அது நம்பகமா இருக்கும். வெப்சைட், தீசிஸ் இதுக்கெல்லாம் தலைய உடைச்சுக்காதீங்க, நாலஞ்சுதான் இருக்கும், அதையும் அங்கயே பாத்து எழுதுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஃபைல ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில மட்டும் ஸொட்டேரோ டேப்ல இருக்குற 'அன்லிங்க்' பண்ணுங்க (ஸொட்டேரோ தொடர்பு அறுந்து வெறும் எழுத்தா மாறிடும்), கனோடெர்மா போனினென்ஸ் மாதிரி அறிவியல் பேருங்கள அதுலயே சாய்வெழுத்தா மாத்தி அனுப்புங்க. ஒரிஜினல தொடாதீங்க, ரிவியூவர் திருத்தம் கேக்கிறப்ப அதுலதான் வேல பாக்கணும். எடிட்டருக்கு கடிதம் ஒரு வரி போதும், "ரெஃபரன்ஸ் எல்லாம் உங்க ஃபார்மேட்டுக்கு மாத்தியாச்சு"ன்னு. மன்னிப்பெல்லாம் கேட்டு ரெண்டு பக்கம் எழுத வேணாம்.