இரண்டு பிஆர்பி ஊசிக்குப் பிறகும் முடி கொட்டுகிறதா?

இரண்டு முறை பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்தெடுத்துத் தலையில் போடும் ஊசி) போட்டும் முடி கொட்டுவது நிற்கவில்லை, மூன்றாவதுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே முடிவு கட்ட வேண்டாம். வழக்கமாக மாதம் ஒன்றாக 3 முறை போடுவார்கள். வித்தியாசம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும்.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். ஊசி வலிக்கு ஐபுபுரூஃபன் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளை நம்பித்தான் இந்தச் சிகிச்சையே இருக்கிறது. அந்த மாத்திரையோ தட்டணுக்களின் வேலையை மட்டுப்படுத்தும். அதனால்தான் முன்னும் பின்னும் சில நாட்கள் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். (இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.)

அப்புறம், ஏன் கொட்டுகிறது என்று பார்த்தார்களா? ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு பரிசோதனை பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம் என்றால் ஊசி மட்டும் போதாது. பரம்பரை வழுக்கை என்றால் மினாக்சிடில் போன்ற மருந்துதான் அடிப்படை, பிஆர்பி அதற்குத் துணை. வேர் செத்துப் பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் இது முடியை முளைக்க வைக்காது. காரணம் தெரியும்வரை அடுத்த ஊசிகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்.